வீட்டில் யார் அதிகம் போன் பார்க்கிறார்கள்? ஒரே வாரத்தில் கணக்கெடுக்கும் வழி

போன ஜூன் மாதம், கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் அக்கா வீடு. வெளியே விடாத மழை. மரச்சீனியும் சாளைக்கறியும் தின்று முடித்து, அத்தான் திண்ணையில் சாய்ந்து யூடியூபில் யாரோ மாடு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கை துடைத்து ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். "இந்தப் பொம்பளையளுக்கு எப்பம் பாத்தாலும் இன்ஸ்டாதான்" என்றார் அத்தான், தலையைப் போனிலிருந்து எடுக்காமலே.

அக்கா சட்டியோடு வெளியே வந்தாள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்குத் தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் நான்தான். நாளெல்லாம் மற்றவர்கள் போனில் ஓடிபி வருவதற்காகக் காத்திருக்கிறவள் என்பதால், யார் போனில் எது இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்றொரு திமிர் உண்டு. "சண்டை எதுக்கு, எண்ணிப் பாப்போம்" என்றேன். எண்ணினோம். முதல் தடவை எண்ணியது மொத்தமும் தப்பு, இரண்டாவது தடவைதான் உருப்படியாக வந்தது. அந்தத் தப்பெல்லாம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, ஏழு நாள், வீட்டில் இருக்கிற போன்கள் போதும்.

எதை எண்ணப் போகிறோம்

"யார் அதிகம்" என்று கேட்டால் அதற்குள் மூன்று கேள்வி ஒளிந்திருக்கிறது. எத்தனை தடவை திறக்கிறார்? மொத்தம் எவ்வளவு நேரம் பார்க்கிறார்? பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? மூன்றுக்கும் மூன்று பதில் வரும், அதில் தனக்குச் சாதகமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவதால்தான் இந்தச் சண்டை எந்த வீட்டிலும் தீர்வதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். ஒரு நாளில் அக்கா வாட்ஸ்அப்பைத் திறந்தது 71 தடவை, மொத்த நேரம் ஒரு மணி இருபது நிமிடம். அத்தான் யூடியூபைத் திறந்தது 11 தடவை, நேரம் மூன்று மணி நாற்பது நிமிடம். தடவையைப் பார்த்தால் அக்கா, நேரத்தைப் பார்த்தால் அத்தான். அக்காவின் ஒரு தடவை என்பது சராசரியாக ஒரு நிமிடம் சொச்சம், அதாவது அரிசி கொதிக்கிற வரைக்கும், அல்லது மகன் பள்ளிக்கூட வேனில் ஏறிவிட்டானா என்று பார்க்கிற வரைக்கும். அத்தானின் ஒரு தடவை இருபது நிமிடம், சாய்ந்து உட்கார்ந்து. பார்க்கிறவர் கண்ணுக்கு "அடிக்கடி எடுக்கிறவள்" தான் படுவாள், அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர் படமாட்டார். இன்னொன்று, அக்கா போனில் இன்ஸ்டாகிராமே கிடையாது. அத்தான் அதைக் கேட்டதும் "அப்போ அது பேஸ்புக்கா இருக்கும்" என்றார்.

அதனால் நோட்டில் முதல் பக்கத்திலேயே கேள்வியை எழுதிவிடுங்கள். "எவ்வளவு அடிக்கடி" என்பதுதான் கேள்வி என்றால் தடவையை எண்ணுங்கள், நேரத்தைப் பக்கத்தில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

செய்தித்தாளில் வருகிற பெரிய கணக்குகளைப் படிக்கும்போதும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குள் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிற பெண்கள் இந்திய அளவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். இது எத்தனை பேர் என்கிற கணக்கு, எத்தனை தடவை என்பதல்ல. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பக்கத்து வீட்டுப் போனில் பாட்டு பார்த்தவளும் அந்த 33.3க்குள் இருப்பாள். இதை வைத்து "ஆண்கள்தான் அதிக நேரம் போனில் இருக்கிறார்கள்" என்று நம் பக்கத்துக்குச் சாதகமாகப் பேசுவதும் தப்புதான், எனக்கு ஆசை இருந்தாலும்.

அடுத்தது, எதெல்லாம் சமூக ஊடகம்? இதை எண்ணுவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள், எண்ணிய பிறகு அல்ல. யூடியூபைச் சேர்ப்பதா வேண்டாமா? சேர்த்தால் எங்கள் வீட்டு ஆண்கள் கணக்கு ஏறும், விட்டால் பாதியாகிவிடும். வாட்ஸ்அப்பை விட்டால் அக்காவும் அண்ணன் மனைவி மயினியும் ஏறக்குறைய சும்மா இருக்கிறவர்கள் போலத் தெரிவார்கள். அத்தான் கணக்கு வந்த பிறகு "யூடியூப் டிவி மாதிரி, அது வேற" என்று ஒரு வாதம் வைத்தார். அதனால்தான் சொல்கிறேன், முன்னாலேயே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில் ஆப்புக்கு ஆப்பு ஆள் மாறுகிறது. பேஸ்புக் பயன்படுத்துகிறவர்கள் பெண்களில் 76 சதவீதம், ஆண்களில் 59. இன்ஸ்டாகிராமில் பெண்கள் 54, ஆண்கள் 39. பின்டரெஸ்டில் பெண்கள் 50, ஆண்கள் வெறும் 19. ரெடிட், ட்விட்டர் என்று போனால் ஆண்கள் முந்துகிறார்கள். இதைப் பார்த்து "பாத்தியா, பொம்பளைங்க சுபாவமே அதுதான்" என்று யாராவது சொன்னால், அதே பேஸ்புக்கில் இந்தியாவில் ஆண்கள்தான் பெரும்பான்மை என்று சொல்லுங்கள். கம்பெனி ஒன்று, ஆப்பும் ஒன்று. நாடு மாறினால் தலைகீழாகிற ஒன்றை எப்படிச் சுபாவம் என்பது?

எண் எங்கே இருக்கும்

யாரிடமும் "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாப்பீங்க" என்று வாயால் கேட்காதீர்கள். பொய் சொல்வார்கள் என்பதற்காக அல்ல, அவர்களுக்கே தெரியாது. சொல்கிற நேரத்தையும் போனில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் ஒரு தொகுப்பு வந்தது, இரண்டும் பெரிதாக ஒத்துப்போகவில்லை என்பதுதான் அதன் சாரம். நாங்களும் முதல் தடவை வாயால் கேட்டுத்தான் எழுதினோம். அத்தான் "ஒரு அரை மணிக்கூர்" என்றார். சரி, விடுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸுக்குள் போய்க் கீழே உருட்டினால் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், 2018க்குப் பிறகு வந்த பெரும்பாலான போன்களில் உண்டு. திறந்ததும் ஒரு வட்டம் தெரியும், கீழே அன்லாக் எத்தனை, நோட்டிபிகேஷன் எத்தனை என்று இருக்கும். அந்த வட்டத்தைத் தொட்டால் ஆப் வாரியாகப் பட்டியல் வரும். மேலே "ஸ்கிரீன் டைம்" என்று இருக்கிற இடத்தைத் தொட்டு "டைம்ஸ் ஓபன்ட்" என்று மாற்றினால் தடவைக் கணக்கு வரும். நிறையப் பேர் இந்த இடம் வரைக்கும் போவதே இல்லை, நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம், அதற்குள் பிக்கப்ஸ் என்று இருப்பது போனைக் கையில் எடுத்த தடவை.

நள்ளிரவு 12 மணிக்கு எண் புதிதாகத் தொடங்கிவிடும். அதனால் இரவு பத்து மணிக்கு எழுதினால் பத்து மணிக்கு மேல் பார்க்கிறவர் தப்பித்துக்கொள்வார், எங்கள் வீட்டில் அது அக்கா மகள். காலையில் எழுந்ததும் முந்தின நாள் எண்ணை எடுத்து எழுதுங்கள், பட்டியலின் மேலே அம்புக்குறியைத் தொட்டால் நேற்றுக்குப் போகலாம்.

டிவியில் பார்க்கிற யூடியூப் போன் கணக்கில் வராது. யூடியூப் ஆப்புக்குள்ளேயே "டைம் வாட்ச்ட்" என்று தனியாக இருக்கிறது, ஒரே மெயில் ஐடியில் டிவியும் போனும் இருந்தால் இரண்டும் சேர்ந்து வரும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, நெட்வொர்க் யூசேஜ் என்று போனால் இதுவரை அனுப்பிய மெசேஜ் எத்தனை, வந்தது எத்தனை என்று இருக்கும். முதல் நாள் அதை ரீசெட் செய்துவிட்டால் வாரக் கடைசியில் சுத்தமான எண் கிடைக்கும். வந்ததற்கும் அனுப்பியதற்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். குடும்ப குரூப்பில் நாளெல்லாம் "காலை வணக்கம்" அனுப்புகிறவர் யார், அதைச் சும்மா தள்ளிவிடுகிறவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும். எங்கள் குரூப்பில் அது சித்தப்பா.

வெளிநாட்டுக் கால் ஒரு தனிச் சிக்கல். நம் மாவட்டத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் கல்ஃபில் ஒருவர் இருப்பார். அண்ணன் குவைத்திலிருந்து இரவு மயினிக்கு வீடியோ காலில் வந்தால் ஒரு மணி நேரம் அப்படியே வாட்ஸ்அப் கணக்கில் ஏறிவிடும். அதைச் சமூக ஊடகம் என்று எழுதினால் "மயினி மூணு மணி நேரம் வாட்ஸ்அப்" என்று ஆகும், பாதி நேரம் அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதை அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள் என்பது எண்ணில் தெரியாது. வாட்ஸ்அப்பின் கால் பட்டியலில் ஒவ்வொரு காலும் எவ்வளவு நேரம் என்று இருக்கிறது, கூட்டிக் கழித்துவிட்டுத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அண்ணன் பக்கமும் அதே ஒரு மணி நேரம்தான் ஓடியிருக்கும், அதை யாரும் எண்ணப்போவதில்லை.

ஒரு போன், நாலு கை

போன் ஒருவர் பெயரில் இருக்கும், கை வேறொருவருடையதாக இருக்கும். மேலே சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வில், தானே பயன்படுத்தச் சொந்தமாகப் போன் வைத்திருக்கிற பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். நம் ஊரில் நிலைமை மேல், படிப்பைச் சொல்லித் தப்பிக்க முடியாத மாவட்டம் இது, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு. ஆனாலும் அம்மா போன் என்றால் அது வீட்டுப் போன். பையன் சாயங்காலம் ஃப்ரீ ஃபயர் விளையாடுவது அதில், பாட்டா (தாத்தா) சீரியல் பார்ப்பது அதில். அப்பா போனுக்கு மட்டும் லாக் இருக்கும், அதை யாரும் தொடமாட்டார்கள். இப்படியே எண்ணினால் வீட்டுப் பிள்ளைகள் கணக்கெல்லாம் அம்மா தலையில் விழும். அக்காவுக்கு முதல் வாரம் வந்த எண்ணில் கால்வாசி மகன் பார்த்த ரீல்ஸ்.

இதற்கு ஒரு வழி, போனோடு ஒரு துண்டுச் சீட்டை ரப்பர் பேண்டால் கட்டிவிடுவது. வாங்குகிறவர் வாங்கிய நேரமும் திருப்பிக் கொடுத்த நேரமும் எழுத வேண்டும். இரண்டு நாள் எழுதுவார்கள், மூன்றாம் நாள் ரப்பர் பேண்ட் காணாமல் போகும். பிறகு நாங்கள் செய்தது இன்னும் எளிது: சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை போன் பிள்ளைக்கு என்று நேரம் வைத்துவிட்டு, நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் எண்ணைப் பார்த்து எழுதிக் கழித்துவிட்டோம்.

கீபேட் போன் வைத்திருக்கிறவர்களை விட்டுவிடாதீர்கள். அத்தானின் அம்மாவிடம் பட்டன் போன்தான். அவரை எழுதவே இல்லை, "அவங்களுக்குத்தான் நெட்டே இல்லையே" என்று. அது தப்பு. ஆண்களில் எல்லாரையும் எடுத்து, பெண்களில் ஸ்மார்ட்போன் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பெண்கள் சராசரி தானாக ஏறிவிடும். பூஜ்ஜியம் என்றாலும் எழுதுங்கள்.

எந்த வாரம்

இதைத்தான் நான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நாங்கள் மோசமாகத் தோற்றது இங்கேதான்.

அத்தானுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். பால் வெட்டு உள்ள நாளில் விடியுமுன் நான்கு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், பிறகு பாலெடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து, காயப் போட மதியமாகிவிடும். அந்தக் கை போனைத் தொடாது, பால் ஒட்டினால் பிசுபிசுவென்று ஒட்டுப்பாலாகித் திரையிலிருந்து போகாது. ஆனால் ஜூன் மழையில் மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. அந்த மாதத்தில் எண்ணினால் அவர் மூன்று மணி நாற்பது நிமிடம் பார்க்கிறவர். அவரே நவம்பரில் எப்படி இருப்பார் என்பது வேறு கதை. ஜனவரி, பிப்ரவரியில் இலையுதிர்கிற காலத்திலும் வெட்டை நிறுத்துவார்கள், அப்போதும் எண் ஏறும்.

கடற்கரைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டிலேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உள்ள மாவட்டம் நம்முடையது. சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஜூலையில் சின்னமுட்டத்துக்காரர் கடலில், குளச்சல்காரர் கரையில். ஜூலையில் குளச்சலில் எண்ணிவிட்டு "மீனவ ஆண்கள் நாளெல்லாம் போனில்" என்று எழுதினால், தடை முடிந்த ஆகஸ்டில் அதே ஆள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை, டவர் எட்டாத தூரம், அந்த நாளெல்லாம் அவர் கணக்கு பூஜ்ஜியம். வீட்டில் இருக்கிற மனைவி அப்போது குரூப்பில் "எந்தப் படகு எங்கே" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருப்பாள், காற்று எச்சரிக்கை வந்தால் கேட்கவே வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்ததற்குப் பிறகு அந்தக் கரையில் போனைப் பார்ப்பது வேறு மாதிரியான பார்வை. அந்த எண்ணைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுத எனக்குக் கை வராது.

பெண்களுக்கும் இதேதான். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டைத் தோடு உடைக்கிறவர்களுக்குக் கையெல்லாம் தோட்டெண்ணெய், பட்டால் தோல் பொத்துப்போகும், அந்தக் கையோடு போனைத் தொட முடியாது. அங்கே வேலை இருக்கிற வாரமா இல்லாத வாரமா என்று கேட்டு எழுதுங்கள். தோவாளையில் பூக்கட்டுகிறவர்களுக்கு ஓணத்துக்கு முந்தின வாரம் நிமிரவே நேரம் இருக்காது. ஆனால் பூக்கட்டும்போது போனை எதிரே சாத்தி வைத்துப் பாட்டோ பிரசங்கமோ ஓடவிடுவார்கள், ஆப் ஆறு மணி நேரம் என்று காட்டும், கண் பூவில் இருக்கும். அத்தான் சாய்ந்து பார்த்த மூன்று மணி நாற்பது நிமிடமும் இந்த ஆறு மணியும் ஒரே கணக்கா?

ஆக, பண்டிகை, பரீட்சை, தடைக்காலம், அடைமழை இல்லாத ஒரு சாதாரண வாரத்தை எடுங்கள், திங்களில் தொடங்கி ஞாயிறு முடிய முழுதாக. முடிந்தால் வேறு பருவத்தில் இன்னொரு வாரம். பழைய கணக்கோடு ஒப்பிட நினைத்தால் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டதையும் நினைவில் வையுங்கள், அதற்கு முந்தின எண்ணும் இப்போதைய எண்ணும் ஒரே பட்டியலில் சேராது.

ஆளுக்கு ஆள் ஒப்பிடும்போது ஜோடி போடுங்கள். அக்காவையும் அத்தானையும் ஒப்பிட்டால் ஆண் பெண் வித்தியாசம் தெரிகிறதா, அல்லது அடுக்களை திண்ணை வித்தியாசம் தெரிகிறதா என்று பிரிக்க முடியாது. ஒரே வயது, ஒரே மாதிரி வேலை, ஓர் ஆண், ஒரு பெண். ஒரே காலேஜில் படிக்கிற அண்ணன் தங்கை கிடைத்தால் நல்லது. மார்த்தாண்டத்தில் ஒரே துணிக்கடையில் நிற்கிற இரண்டு பேர் இன்னும் நல்லது. நான் எண்ணிய ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது. கடையில் ஓனர் கண் முன்னால் இரண்டு பேருமே போனை எடுக்க முடியாது, பஸ்ஸில்தான்.

கேட்கும் முறை

பக்கத்து வீடுகளிலும் எண்ணலாம் என்று கிளம்பினால் கொஞ்சம் நிதானம் வேண்டும். "உங்க போனைக் காட்டுங்க" என்று ஓர் ஆணிடம் கேட்பதும் பெண்ணிடம் கேட்பதும் ஒன்றல்ல. கல்யாணமான எத்தனையோ பெண்களுக்கு அந்த வாக்கியம் ஏற்கெனவே வேறொருவர் வாயிலிருந்து, வேறொரு குரலில், கேட்டுப் பழகிய வாக்கியம். அதனால் போனை நீங்கள் கையில் வாங்கவே வாங்காதீர்கள். அவரே திறந்து, அவரே பார்த்து, எண்ணை மட்டும் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நோட்டில் பெயர் வேண்டாம், "பெ 3, வயது 34, தையல்" என்று போதும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் அன்றைக்குச் சாயா குடித்துவிட்டு வந்துவிடுங்கள், வேறொரு நாள் போகலாம். ஆண்களிடமும் இதே மரியாதைதான், என்ன, அவர்கள் பெரும்பாலும் கேட்காமலே போனை நீட்டிவிடுகிறார்கள்.

போன் எண்ணைப் பார்க்காமல் குரூப்பிலும் பேஸ்புக்கிலும் யார் கமெண்ட் போடுகிறார் என்று எண்ணி முடிவுக்கு வருகிறவர்களும் உண்டு. அது குளத்தில் தலை தெரிகிறவர்களை மட்டும் எண்ணுவது. ஊர் குரூப்பில் பார்த்தால் பேசுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆண்களாக இருப்பார்கள். பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள், செம்பருத்திப் பூ, குழந்தை, மாதா படம், முருகன் படம் என்று டிபி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்துக்கொண்டு. ஒரு வரி போட்டால் இன்பாக்ஸில் முகம் தெரியாத நாலு பேர் "ஹாய் சிஸ்டர்" என்று வருவார்கள் என்பதால் போடுவதில்லை. நானும் அப்படித்தான், என் டிபி ஒரு பூனை. பார்ப்பதும் பதிவிடுவதும் தனித்தனிக் கணக்கு, அதையும் நோட்டில் பிரித்துவிடுங்கள்: இந்த வாரம் நீங்களாக எத்தனை போட்டீர்கள், ஸ்டேட்டஸ் சேர்த்து.

கூட்டிப் பார்ப்பது

சராசரி போட்டால் ஒரே ஓர் ஆள் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடுவான். சும்மா ஓர் உதாரணம். ஐந்து ஆண்கள், ஒரு நாளைக்கு 1, 1.5, 2, 2, 8.5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 8.5 வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒரு மச்சான். கூட்டினால் 15, ஐந்தால் வகுத்தால் 3 மணி. ஐந்து பெண்கள், 2, 2.5, 2.5, 2.5, 3. கூட்டினால் 12.5, சராசரி 2.5. ஆண்கள்தான் அதிகம் என்று தீர்ப்பு. இப்போது எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கிற எண்ணை மட்டும் பாருங்கள். ஆண்களுக்கு 2, பெண்களுக்கு 2.5. தீர்ப்பு மாறிவிட்டது. இன்னும் ஒன்று, கீபேட் பாட்டியைப் பூஜ்ஜியமாகப் பெண்கள் வரிசையில் சேருங்கள், சராசரி 2.08க்கு இறங்கிவிடும், நடு எண் 2.5இலேயே நிற்கும். நான் நடு எண்ணைத்தான் நம்புகிறேன். இரண்டையும் எழுதிவைத்து, பக்கத்தில் ஆள் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். ஆறு வீட்டில் எடுத்த கணக்கு அந்த ஆறு வீட்டுக்குத்தான், அதை வைத்து விளவங்கோடு தாலுகாவைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர் உங்களை மதிக்கமாட்டார்.

நேரத்தை மணி வாரியாகவும் பிரித்துப் பாருங்கள், டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒரு நாளைத் தொட்டால் சில போன்களில் மணிக்கணக்காகக் கோடுகள் தெரியும். எங்கள் வீட்டில் மொத்த எண்ணைவிட அதுதான் பேசியது. அத்தானின் கோடுகள் இரண்டு இடத்தில் தடித்து நின்றன, மதியமும் இரவும். அக்காவுடையது காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்தரை வரை மெல்லிய கோடுகளாகத் தூவிக் கிடந்தது, எங்குமே பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாக்கு ஒரு ரீல்ஸ்கூட முழுசா பாக்க நேரம் கெடைக்கல போல" என்றாள்.

அந்த நோட்டு இப்போது அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அத்தான் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை, வெட்டு இல்லாத மாதத்தில் எடுத்தது செல்லாது, நவம்பரில் மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். நான்தான் அந்த விதியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதால் மறுக்க வழியில்லை. அக்காவும் சரி என்றுவிட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் அவர் கழுவ வேண்டும், திண்ணை அவளுக்கு.